ட்ரயல் பை ஃபயர் சீரிஸ் பாத்த ஆக்கள் இரிக்கிறீங்களா? (உப்ஹார் தியேட்டர் கேஸ்)

வாவிக்கரை
நெட்ஃபிளிக்ஸ்ல 2023 ஜனவரி 13 வந்த சீரிஸ், 7 எபிசோட்தான், நான் இப்பதான் ஒருமாதிரி பாத்து முடிச்சன். தெரியாத ஆக்களுக்கு சொல்றன், 1997 ஜூன் 13 டெல்லி கிரீன் பார்க்ல உப்ஹார் எண்ட தியேட்டர்ல பார்டர் படம் ரிலீசான அண்டைக்கே மெட்னி ஷோவில நெருப்புப் பிடிச்சு 59 பேர் செத்துப்போனாங்க, 103 பேருக்கு காயம். அதுல நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி எண்ட புருசன் பொஞ்சாதிட ரெண்டு பிள்ளையும் போயிட்டு, மகள் உன்னதிக்கு 17, மகன் உஜ்வலுக்கு 13. டிக்கெட் புக் பண்ணிக் குடுத்ததே தாய்தான். அவங்க ரெண்டு பேரும் மத்த தாய் தகப்பன்மாரச் சேத்து ஒரு சங்கம் தொடங்கி கேஸ் நடத்தி, மறுகா 2016ல புத்தகமும் எழுதினாங்க, அந்தப் புத்தகத்த வெச்சுத்தான் சீரிஸ்.

இதுக்கு முதல் நான் பாத்த உண்மைக் கேஸ் சீரிஸ் முக்காவாசியில பொலிஸ்காரன்தான் ஹீரோ, ஆர் செஞ்ச எண்டு தேடுறதுதான் கதை, கடைசியில பிடிச்சாச்சு, மியூசிக் போட்டு முடிச்சாச்சு. இதுல தேட ஒண்டுமில்ல. கட்டிடம் ஆர்ர, ட்ரான்ஸ்போமர் ஆர்ர, எல்லாம் ஆரம்பத்திலயே தெரியும். பிறகு என்னத்த காட்டுறாங்க எண்டா அலையிறது. ஒபிஸ் ஒபிஸா அலையிறது, ஃபைல் தேடுறது, தவணை தவணையா கோர்ட் வாசல்ல குந்தியிரிக்கிறது. எனக்கு அதுதான் பிடிச்சது. ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே தாயா நடிச்சிரிக்கிறா, அந்தப் பொம்பிள ஒப்பாரி வெச்சு அழுற சீன் கொறைவு, ஆனா வீட்டுக்குள்ள நடக்கிற நடையிலயே விளங்கும். அபய் தியோல் தகப்பன். மத்த ஆக்கள் என்ன நினைக்கிறீங்க?

படுவான்கரைப் பொடியன்
பாத்தன் கா. 3 எபிசோட் பாத்துட்டு விட்டுட்டன், சரியான ஸ்லோ. கோர்ட் சீன் எண்டா வக்கீல் ரெண்டு பேர் மேசையில அடிச்சு கத்தோணும், இதுல நீதவான் தவணை குடுக்கார் எல்லாரும் வீட்ட போறாங்க, திரும்ப வாறாங்க, திரும்ப தவணை. இதப் பாக்க நான் களுவாஞ்சிக்குடி கோர்ட்டுக்கு போனா போதுமே, டேட்டாவும் மிச்சம்.

வட்டைவிதானை
ஹாஹா பொடியன் சொன்னதுல நியாயம் இரிக்கு. எங்கட காணி கேஸ எடுத்தா 40 சீசன் போகும்.

வாவிக்கரை
பொடியன் நீ விட்ட இடம்தான் பிழை. 4ல இருந்துதான் சீரிஸ் தாய் தகப்பன விட்டு வெளியால போய் மத்த ஆக்கள்ர வீட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கத் தொடங்குது. அனுபம் கெரும் ரத்னா பாடக் ஷாவும் வயசுபோன ஆமிக்காரக் குடும்பமா வருவாங்க, அதெல்லாம் நீ பாக்கல்ல.

கல்முனை_பியூஸ்
அஸ்ஸலாமு அலைக்கும் / வணக்கம். மின்சார வேலையிலயே கிழவனாப்போன ஆள் நான், அதால இந்த சீரிஸ வேற ஒரு காரணத்துக்காக பாத்தன். ட்ரான்ஸ்போமர்ல என்ன நடந்த எண்டு சீரிஸ்ல ஓட்டமாத்தான் காட்டுறாங்க, கோர்ட்ல வந்த விசயத்த நான் கொஞ்சம் சொல்றன், இதுதான் முழுக் கேசுக்கும் அடி.

தியேட்டர்ர கீழ்த்தட்டுல, கார் பார்க்கிங் பக்கம், மின்சார சபைட 1000 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒண்டு. அண்டைக்கு விடியக்காலையிலயே அதுல சின்ன நெருப்பு வந்திரிக்கி. ஆக்கள் வந்து எரிஞ்ச கேபிள் லக்க (கேபிள் நுனியில மாட்டுற உலோகத் துண்டு) மாத்தினாங்க. லக்க கிரிம்ப் பண்ணுறதுக்கு, எண்டா கேபிளோட நசுக்கி இறுக்குறதுக்கு, மெசின் இரிக்கி, அந்த மெசின் பழுது. பழுது எண்டா வேலைய நிப்பாட்டோணும். நிப்பாட்டல்ல, அச்சு வெச்சு சுத்தியலால அடிச்சு இறுக்கிப்போட்டு கரண்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பிடி அடிச்ச லக் லூசாத்தான் நிக்கும், லோட் ஏற ஏற பொறி பறக்கும், சூடேறும். பின்னேரம் 5 மணி போல அந்தக் கேபிள் கழண்டு ரேடியேட்டர்ல முட்டி ஓட்டை விழுந்து எண்ணெய் ஊத்தி பத்திக்கிச்சு. எண்ணெய் வடிஞ்சு போக கீழ குழி இல்ல. கிட்டவே கார் நிப்பாட்டியிரிக்காங்க. எண்ணெய், டயர், பெற்றோல் எல்லாம் சேந்து வாற புகை எப்பிடியிரிக்கும் எண்டு யோசிங்க, அது படிக்கட்டாலயும் ஏசி வழியாலயும் நேர பல்கனிக்கு ஏறின. செத்த ஆக்கள் நெருப்புல எரிஞ்சு சாகல்ல, பல்கனியில மூச்சடைச்சு செத்த ஆக்கள்.

சீரிஸ்ல ராஜேஷ் தைலாங் ஒரு எலக்ட்ரீசியனா வாறார். எனக்கு அந்தப் பகுதிதான் முழுசா நெஞ்ச பிடிச்சிச்சு. மெசின் பழுது எண்டு தெரிஞ்சும் சுத்தியல எடுக்கிற ஆள் எல்லா ஊரிலயும் இரிக்கான், நானும் அப்பிடி ஆக்களோட வேல செஞ்சிரிக்கன், அவன் கெட்டவன் இல்ல, மேல இருக்கிறவன் போன் பண்ணி ஷோ தொடங்கப்போகுது கரண்ட குடு எண்டுவான், இவன் குடுப்பான். அதுக்காக அவன்ல பிழை இல்ல எண்டும் சொல்ல ஏலா.

நிலு_ஆரையம்பதி
நானா இத வாசிச்சிட்டு எனக்கு படுக்க ஏலாம இருக்கு. பல்கனியில இருந்தவங்க ஏன் ஓடல்ல? கதவு இல்லயா?

கல்முனை_பியூஸ்
கதவு இரிந்த தங்கச்சி. 1976ல பல்கனியில 43 சீட் கூட்டிப் போட அனுமதி குடுத்தாங்க, 1979ல அந்த அனுமதிய ரத்து பண்ணியும் 37 சீட் அப்பிடியே நிண்டிச்சு. ஒரு பக்கத்து நடைபாதையே இல்லாமப் போயிட்டு. அந்தப் பக்க வாசல் இரிந்த இடத்துல 8 சீட் குடும்ப பொக்ஸ். மிச்ச கதவுல கொண்டி போட்டபடி, வாசல்ல நிக்கிற ஆள் இல்ல. லைட் இல்ல, ஒலிபெருக்கியில ஒரு அறிவித்தல் இல்ல. கீழ ஹோல்ல இரிந்த ஆக்கள் வெளிய வந்துட்டாங்க.

எங்கட பக்கம் பழைய தியேட்டருகள்ளயும் பொக்ஸ், பல்கனி எண்டா பெரிய எடுப்புதானே. இப்ப தியேட்டர விடுங்க, கல்யாண மண்டபங்கள்ள பின் கதவுக்கு முன்னால கதிரை அடுக்கி வெச்சிரிக்கிறத பாருங்க, சனம் ஓசியில சாப்பிட வந்துரும் எண்டு பூட்டி வேற வெச்சிருவானுகள்.

மீன்மகள்
லிங்க் இரிக்கா டெலிகிராம்ல?

இழைக்காவல்
லிங்க் கேட்டாலும் தூக்குவன் போட்டாலும் தூக்குவன்.

சட்டப்புள்ளி
நான் சம்மாந்துறை, சட்டம் படிக்கிறன். சீரிஸ் நல்லம்தான், ஆனா எல்லாரும் அத வேதவாக்கா எடுக்கிறது எனக்கு கொஞ்சம் இடிக்குது. புத்தகம் எழுதினது வழக்கில ஒரு பக்கத்து ஆக்கள். தியேட்டர் ஓனர்மார் சுஷில் அன்சால், கோபால் அன்சால், அவங்கட பக்கம் சீரிஸ்ல ஆஷிஷ் வித்யார்த்தி (தமிழ்ப்படத்துல வில்லனா வருவாரே அவர்தான்) வந்து ஆக்கள மிரட்டி காசு குடுத்து வளைக்கிறதாத்தான் காட்டுறாங்க. சுஷில் அன்சால் சீரிஸ நிப்பாட்டச்சொல்லி டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார், ரிலீசுக்கு முதல்நாள் ஜனவரி 12, கோர்ட் தடை குடுக்கல்ல. அது சரியான முடிவு எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனாலும் பாக்கிறவன் இத ஒரு தரப்பின்ர கதை எண்டு தெரிஞ்சு பாக்கோணும்.

வாவிக்கரை
சட்டப்புள்ளி தம்பி, ஒரு தரப்பு எண்டு நீங்க சொல்றீங்க, அப்ப மத்தத் தரப்பின்ர கதை எங்கயாவது சொல்லப்படாம கிடந்ததா? அவங்களுக்கு பெரிய பெரிய வக்கீல்மார், வருசக்கணக்கா கோர்ட்ல அவங்கட கதைதானே ஓடினது. பொலிஸ் அதிகாரி சொன்னத வெச்சு ஒருத்தர் எழுதினா அது நடுநிலை எண்டுறாங்க, பிள்ளையப் பறிகுடுத்தவ தானே ஃபைல் படிச்சு தானே சாட்சி தேடி எழுதினா அது ஒருதரப்பு எண்டுறாங்க. எனக்கு எண்டா இந்த சீரிஸ் மத்தத விட நல்லா வந்ததுக்கு காரணமே அதுதான், வெளியால நிண்டு எழுதின ஆளுக்கு 10 வருசத்துக்குப் பிறகு ஒரு தவணை நாள் காலைல அந்த வீட்ட என்ன சமைச்ச, ஆர் ஆரோட கதைக்காம இரிந்த எண்டு தெரியுமா? கேசுக்கு அது தேவையில்லதான், ஆனா கேஸ் எண்டா ஒரு வீட்டுக்கு என்ன எண்டு விளங்க அது தேவை.

சட்டப்புள்ளி
அக்கா கோவிக்காதீங்க, நான் அவங்கள கொறைச்சு சொல்லல்ல. நான் சொல்ல வாறது என்னண்டா, சீரிஸ் பாத்துட்டு சனம் கேக்கிறது "59 பேர் செத்தும் ஏன் தூக்கு இல்ல" எண்டு, அதுக்கு சீரிஸ்ல பதில் விளக்கமா இல்ல. அப்ப இரிந்த இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, கவனயீனத்தால மரணம், கூடினது 2 வருசம்தான். 1 பேர் செத்தாலும் 2 வருசம் 59 பேர் செத்தாலும் 2 வருசம். தாய் தகப்பன்மார் கேட்டது அத விட பாரமான பிரிவு, கிடைக்கல்ல. (எங்கட இலங்கை தண்டனைச் சட்டக்கோவையில 298ஆம் பிரிவு, அதுல 5 வருசம் வரைக்கும் இரிக்கு.) குற்றம் சாட்டின 16 பேர்ல 4 பேர் வழக்கு முடிய முதல் மௌத்தாகிட்டாங்க. 2007 நவம்பர்லதான் முதல் தீர்ப்பு, அன்சால் அண்ணன் தம்பிக்கு 2 வருசம். 2008ல ஹைகோர்ட் அத 1 வருசமாக்கிச்சு. 2015ல சுப்ரீம் கோர்ட் வயசப் பாத்து ஆளுக்கு 30 கோடி கட்டினா போதும் உள்ள போகத் தேவையில்ல எண்டது, அந்தக் காசுல ட்ரோமா சென்டர் (விபத்துல காயப்பட்ட ஆக்களுக்கு ஆஸ்பத்திரி) கட்டட்டாம். 2017ல மீளாய்வில கோபாலுக்கு மட்டும் மிச்ச நாள உள்ள இரு எண்டு சொன்னாங்க, சுஷில வயசுக்காக விட்டாச்சு.

அது போக கோர்ட் ஃபைல்ல இரிந்த பேப்பர் கிழிஞ்ச கேஸ் தனி. கோர்ட் ஆள் ஒருத்தரையே வெச்சு சாட்சிப் பத்திரத்த கிழிச்சதுக்கு 2021ல அண்ணன் தம்பிக்கு 7 வருசம், ஆளுக்கு 2.25 கோடி தண்டம் எண்டு தீர்ப்பு வந்திச்சு, 2022 ஜூலையில, ஏற்கனவே உள்ள இருந்த நாள் காணும் எண்டு விட்டுட்டாங்க. 59 உயிருக்கு 2 வருசம், கடதாசிக்கு 7 வருசம். இத எந்தக் கதாசிரியர் எழுதினாலும் லொஜிக் இல்ல எண்டுவீங்க.

படுவான்கரைப் பொடியன்
அடேய் இத முதல்லயே சொல்லியிருந்தா நான் பாத்து முடிச்சிரிப்பன். நீ எழுதினது சீரிஸ விட ஸ்பீட்.

நிலு_ஆரையம்பதி
நட்டஈடு ஒண்டும் குடுக்கல்லயா அந்த ஆக்களுக்கு?

சட்டப்புள்ளி
குடுத்தாங்க, அது வேற வழக்கு. 2003ல டெல்லி ஹைகோர்ட் 20 வயசுக்கு மேல இரிந்து செத்த ஆளுக்கு 18 லட்சம், 20க்குக் கீழ எண்டா 15 லட்சம் எண்டு குடுத்திச்சு. 2011ல சுப்ரீம் கோர்ட் அத 10 லட்சம், 7.5 லட்சம் எண்டு கொறைச்சிட்டு. தண்டனையா கட்டச்சொன்ன 2.5 கோடிய 25 லட்சமாக்கிட்டு.

நிலு_ஆரையம்பதி
பிள்ளைக்கு கொறைவா??? பெரிய ஆளுக்கு 10 பிள்ளைக்கு 7.5? எந்தத் தாய்க்கிட்ட கேட்டுட்டு இந்தக் கணக்குப் போட்டாங்க?

சட்டப்புள்ளி
உழைக்கிற காசப் பாத்துத்தான் கணக்கு அக்கா, இழப்பீட்டுச் சட்டம் எல்லா இடத்துலயும் கொஞ்சம் அப்பிடித்தான் போகும். உழைக்காத பிள்ளைட வருமானத்த ஊகிச்சுத்தான் போடுவாங்க. எனக்கும் வாசிக்கக்குள்ள கை நடுங்கினதுதான்.

வாவிக்கரை
நிலு கேட்டத நானும் சீரிஸ் பாக்கக்குள்ள யோசிச்சன். உன்னதி உஜ்வல் ரெண்டு பேருமே 20க்குக் கீழ.

இதக் கதைக்காம போக ஏலாது. சட்டப்புள்ளி ஜனவரி 12 எண்டு சொன்னீங்க. அதே 2023 ஜனவரி 12தான் கொழும்புல எங்கட உயர் நீதிமன்றம் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு அடிப்படை உரிமை வழக்கில நட்டஈடு கட்டச்சொல்லி தீர்ப்பு சொன்னது. அப்ப ஜனாதிபதியா இரிந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி, அப்ப பொலிஸ், உளவு, பாதுகாப்பு அதிகாரிமாரா இரிந்த ஆக்கள்ள பூஜித்த ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு 7.5 கோடி, ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி. முன்கூட்டியே தகவல் வந்தும் தடுக்கல்ல எண்டு. அங்கயும் இங்கயும் ஒரே நாள். குண்டு வெடிச்ச எங்கட மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல அண்டைக்கு காலைல ஞாயிறு பள்ளிக்கூடம் முடிச்சு பிள்ளைகள் முத்தத்துல சாப்பிட்டுக்கொண்டு நிண்ட நேரம்தானே. இந்த ஊர்ல இருந்து அந்த சீரிஸ பாக்கிற ஆளுக்கு டெல்லி தூரமில்ல.

நிலு_ஆரையம்பதி
அதாலதான் அக்கா நான் பாக்கமாட்டன் எண்டு இருக்கன். எங்கட சொந்தத்துல ஒரு ஆள் அங்க போன. மேல சொல்ல விருப்பமில்ல. ஒவ்வொரு ஏப்ரலும் கேமராவோட வருவாங்க, தாய்மார்ர முகத்துக்கு கிட்ட கொண்டு போய் வெச்சு எடுப்பாங்க, போவாங்க. சீரிஸ் எண்டா அதுதான் இன்னும் நீளமா வரும் எண்டு பயம்.

வாவிக்கரை
விளங்குது புள்ள. ஆனா இது அப்பிடி இல்ல. நெருப்பு நேரத்த உள்ளுக்குள்ள நிண்டு காட்டுறத கடைசி எபிசோட் வரைக்கும் பிடிச்சு வெச்சிரிக்கிறாங்க, முதல் எபிசோட்ல தாய் தகப்பனுக்கு என்ன தெரியுமோ அதுதான் எங்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில தேடுறாங்க, நாங்களும் தேடுறம். நீங்க பாக்கிறதெண்டா 7ஆவத விட்டுட்டு பாருங்க, ஒண்டும் குறையாது.

சட்டப்புள்ளி
இதுல நான் மாறுபடுறன். 7ஆவது இல்லாட்டி சீரிஸ் அரைவாசி. அதுக்கு முதல் 6 எபிசோட்டும் பேப்பர்ல கதைச்ச எல்லா விசயமும், கொண்டி, இருட்டு, பொக்ஸ், எல்லாம் அதுலதான் உடம்புல உறைக்குது.

வாவிக்கரை
எனக்கு அது தேவைப்படல்ல. தாய் தகப்பன் அந்த பல்கனிக்குள்ள இருக்கல்ல. அவங்க புத்தகத்துல நிண்ட இடத்துலயே சீரிஸும் நிண்டிரிக்கலாம். உள்ளுக்க போனது டைரக்டர்ர ஆசை எண்டுதான் நான் சொல்லுவன், நல்லா எடுத்திரிக்கிறார் அது வேற கதை.

கல்முனை_பியூஸ்
நான் சட்டப்புள்ளி பக்கம். இந்த வேலை செஞ்ச ஒவ்வொரு ஆளும் 7ஆவத பாக்கோணும். லக்க சுத்தியலால அடிச்சவன் மேல பல்கனிக்கு ஏறிப் பாக்கிறதில்ல.

வட்டைவிதானை
சரி ஒரு கேள்வி. சீயோன் கதைய ஒருநாள் ஆரும் சீரிஸா எடுக்கத்தான் போறாங்க, இண்டைக்கு இல்லாட்டி பத்து வருசத்துல. ஆர் எழுதோணும்?

படுவான்கரைப் பொடியன்
ஆர் எடுத்தாலும் மட்டக்களப்புத் தமிழ கொலை பண்ணாம எடுத்தா போதும். 2025ல சோனி லிவ்ல தி ஹன்ட் எண்டு ராஜீவ் காந்தி கேஸ் வந்ததே, அதுவும் ஒரு பத்திரிகைக்காரர்ர புத்தகத்துல இருந்துதான் எடுத்தது, அதுல எங்கட ஆக்கள் எண்டு வாறவங்க கதைக்கிறத கேட்டீங்களா, எந்த ஊர்த் தமிழ் அது

வட்டைவிதானை
அதுல முழுக்க முழுக்க விசாரணை அதிகாரிட கண்தானே. அவனுக்கு நாங்க ஆர் எண்டே..

இழைக்காவல்
அந்தக் கதைய இந்த இழையில துறக்காதீங்க ப்ளீஸ். போன முறை துறந்து மூண்டு பேர தடை பண்ணின. உப்ஹாரோட நில்லுங்க.

வட்டைவிதானை
சரி சரி. ஆனா என்ர கேள்விக்கு பதில் வரல்ல.

நிலு_ஆரையம்பதி
நான் சொல்றன். அவங்களே எழுதோணும், எழுத விருப்பம் இருந்தா. விருப்பமில்லாட்டி ஆரும் எழுதப்படாது. கேட்டு எழுதுறன் எண்டு வாற ஆக்கள் கேட்டதுல அரைவாசியத்தான் எழுதுவாங்க, அழுத அரைவாசிய.

சட்டப்புள்ளி
ஆனா அக்கா, அப்பிடி எண்டா எழுதத் தெரிஞ்ச, படிச்ச, காசு இரிக்கிற குடும்பத்தின்ர கதைதான் எப்பவும் வெளிய வரும். கிருஷ்ணமூர்த்தி குடும்பத்துக்கு சொந்த பிஸ்னஸ் இரிந்திச்சு, இங்கிலீஸ் தெரியும், வேலைய விட்டுட்டு கேசுக்குப் பின்னால போக ஏலுமா இரிந்திச்சு. செத்த 59 பேர்ட வீட்டுலயும் அப்பிடி ஆக்கள் இரிந்தாங்களா? சீரிஸ்லயே சில குடும்பம் காசு வாங்கிட்டு ஒதுங்குறத காட்டுறாங்க, அத துரோகம் மாதிரி ஒரு லைட் போட்டுத்தான் காட்டுறாங்க எண்டு எனக்குப் பட்டிச்சு.

வாவிக்கரை
இது நல்ல கேள்வி தம்பி. துரோகமா காட்டினதா எனக்குப் படல்ல, ஆனா ஒதுங்கின வீட்டுக்குள்ள சீரிஸ் போதுமான அளவு நிக்கல்ல எண்டத ஏத்துக்கிறன். எலக்ட்ரீசியன் வீட்டுல நிண்ட அளவுக்காவது நிண்டிரிக்கலாம். எங்கட பக்கத்துல எண்டா முதல் மாசமே ஒதுங்குற குடும்பம்தானே கனக்க, கூலி வேலைக்கு போறவன் கொழும்பு கோர்ட்டுக்கு எத்தின தரம் பஸ் ஏறுவான், ஒருநாள் போனா ஒருநாள் சம்பளம் போச்சு.

கல்முனை_பியூஸ்
அதுக்குத்தான் சங்கம். சீரிஸ்ல அந்தச் சங்கம் தொடங்குற பகுதிய திரும்பப் போட்டுப் பாருங்க, பத்திரிகையில வந்த மரண அறிவித்தல பாத்து ஒவ்வொரு வீடா போன் அடிக்கிறாங்க. ஒருத்தன் பஸ் ஏற ஏலாட்டி இன்னொருத்தன் ஏறுவான்.

படுவான்கரைப் பொடியன்
சரி நான் 4ல இருந்து திரும்ப தொடங்குறன். ஆனா நீங்க எல்லாரும் சொன்ன மாதிரி இல்லாட்டி இஞ்சயே வந்து ஏசுவன், நானாக்கும் சேத்து.

கல்முனை_பியூஸ்
ஏசு மகன். 4ல இருந்து எண்டா எலக்ட்ரீசியன் ஆர் எண்டு விளங்காது, 1ல இருந்தே பாரு.